18 அடி டிரெய்லரில் குபோடா டிராக்டர்: எஃப்-150 வைத்திருப்பவர்களுக்கு

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் மண் அள்ளும் லோடரும் பின்னால் புல் வெட்டும் ஷ்ரெடரும் மாட்டிய ஒரு சின்ன டிராக்டரை நெடுஞ்சாலையில் இழுத்துப் போக எஃப்-150 போன்ற அரை டன் பிக்கப் தாராளமாகப் போதும். பார்த்து வாங்க வேண்டியது டிரெய்லரைத்தான். 9,990 பவுண்டு ரக (டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த எடை) 18 அடி டிரெய்லர் ஒன்றை வாங்கி நன்றாகவே பயன்படுத்தி வருகிறேன். இந்த வேலைக்கு அதையே எல்லோருக்கும் சொல்வேன். இதற்கு ஒரு படி கீழே இருக்கும் 7,000 பவுண்டு ரகத்தை வாங்காதீர்கள்.

எங்கள் தேவை இது. ஹியூஸ்டனுக்கு வடமேற்கே, சாப்பெல் ஹில் பக்கம், மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து கொஞ்சம் மேய்ச்சல் நிலம் வாங்கியிருக்கிறோம். புல் ஆளுயரம் வளரும். நம் ஊர் சீமைக்கருவேலத்துக்கு உறவான மெஸ்கீட் முளைத்துக்கொண்டே இருக்கும். ஒரு பருவம் விட்டால் வேர் பிடித்துவிடும். நிலத்தில் கொட்டகை இல்லை. பூட்டாத டிராக்டரை வெட்டவெளியில் விட்டுவிட்டு வர மனசு வராது. அதனால் வண்டி வாலர் என்ற ஊரில் ஒரு வாடகை யார்டில் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அங்கிருந்து ஏற்றி, 290 நெடுஞ்சாலையில் மேற்கே ஓட்டி, ஹெம்ப்ஸ்டெட் தாண்டி, பிராசஸ் ஆற்றுப் பாலம் கடந்து நிலத்துக்குப் போக வேண்டும். சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். டிராக்டர் குபோடா எல்2501. டிரக் 2018 ஃபோர்டு எஃப்-150, 5.0 லிட்டர் வி8, நான்கு கதவு, ஃபோர் வீல் டிரைவ்.

எல்2501-ஐப் பற்றி ஒரு வரி. இது 24.8 குதிரைத்திறன். அமெரிக்க டீசல் மாசு விதிகள் 25 குதிரைத்திறனில் கடுமையாவதால், அந்தக் கோட்டுக்கு நூலிழை கீழே நிறுத்தி வைத்த எஞ்சின். புகை வடிகட்டியைச் சூடேற்றி எரிக்கும் தொல்லை இதில் இல்லை. ஆனால் அதே குதிரைத்திறன் உள்ள குட்டி டிராக்டர்களோடு பக்கத்தில் நிறுத்தினால் இது பெரிய உடம்பு. டிரெய்லர் வாங்கும்போது குதிரைத்திறனை மறந்துவிட்டு உடம்பைத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கு இப்படி. வெறும் டிராக்டர் ஏறத்தாழ 2,650 பவுண்டு. முன் லோடரும் பக்கெட்டும் சேர்ந்து 900. பின் டயர்களுக்குள் தண்ணீர் ஏற்றியிருக்கிறோம், அது ஒரு 400. ஐந்தடி ஷ்ரெடர் 550. சங்கிலிகள், டீசல் கேன், கருவிப் பெட்டி எல்லாம் சேர்த்து 200. ஆக மொத்தம் 4,700 பவுண்டு. விளம்பரத் தாளில் போடுவது முதல் எண்ணை மட்டும்தான்.

7,000 பவுண்டு ரகம் என்றால் டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து 7,000. டிரெய்லரே 2,000 பவுண்டு இருக்கும். மிச்சம் 5,000. நம் சுமை 4,700. தாளில் சரியாகத்தான் வரும். நான் பார்க்கப் போன ஒரு கடையில் விற்பனையாளர் அதையே சொல்லி, "இதுவே தாராளம், எதற்கு அதிகச் செலவு?" என்றார். ஆனால் அந்த ரகத்தில் வருவது 3,500 பவுண்டு அச்சு இரண்டு. பெரும்பாலும் ஒரு அச்சில் மட்டும்தான் பிரேக் இருக்கும். டயர் ஒவ்வொன்றும் 1,820 பவுண்டு தாங்கும் சி ரகம். ஆகஸ்ட் மாத டெக்சாஸ் தார்ச் சாலையில், தாங்கும் எல்லையை ஒட்டியே ஓடும் டயரை நம்பி எனக்கு ஓட்டத் தெரியாது. நாளைக்கே மண்ணைச் சமன் செய்யும் பெட்டிக் கலப்பை ஒன்று வாங்கினால் அதற்கும் இடமில்லை.

9,990 ரகத்தில் 5,200 பவுண்டு அச்சு இரண்டு, இரண்டிலும் மின்சார பிரேக், 2,540 பவுண்டு தாங்கும் டி ரக டயர். டிரெய்லரின் சொந்த எடை 2,600. ஆக, சுமைக்கு 7,390 பவுண்டு இடம். எனக்குச் சொன்ன விலை 5,400 டாலர். சின்ன ரகத்தைவிட ஆயிரத்தைந்நூறு டாலர் அதிகம். அந்தப் பணம் முழுக்க அச்சிலும் பிரேக்கிலும் டயரிலும் போயிருக்கிறது. கொடுக்கலாம்.

பிராண்டு பெயர் சொல்லாததற்குக் காரணம் உண்டு. மவுண்ட் பிளசன்ட், பாரிஸ், சம்னர் என்று டெக்சாஸின் வடகிழக்கு மூலையில் வரிசையாக டிரெய்லர் தொழிற்சாலைகள். இந்த ரகத்தில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இரும்பை ஒரே மாதிரிதான் பற்றவைக்கிறார்கள். ஆகவே இந்த விமர்சனத்தை ரகத்துக்கானது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நிலத்தில் பங்குதாரரான தம்பி ஒருவர் கேட்டார்: "அக்கா, உங்க டிரக் பத்தாயிரத்துக்கு மேல இழுக்கும்னு கம்பெனியே போட்டிருக்கான். நம்ம சுமை ஏழாயிரம்தானே, அப்புறம் என்ன யோசனை?" இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இழுக்கிற சக்தி ஒன்று. தாங்குகிற சக்தி வேறு. டிரெய்லரின் மூக்கு டிரக்கின் கொக்கியில் எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கும் எண். மாட்டு வண்டியில் மஞ்சள் மூட்டை ஏற்றியவர்களுக்கு இது புதிதல்ல. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். எங்கள் அப்பா ஈரோட்டு மண்டிக்கு வண்டி கட்டும்போது கடைசி இரண்டு மூட்டையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்த பிறகுதான் மாட்டைப் பூட்டுவார். இங்கேயும் அதே வேலைதான், எடை மட்டும் வேறு.

டிரெய்லர் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அறுபது மைல் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். டிரக்கையும் சேர்த்து ஆட்டும். கூடினால் டிரக்கின் பின்பக்கம் உட்கார்ந்து, முன் சக்கரம் இலேசாகி, ஸ்டீயரிங் பிடிப்பு குறையும்.

என் டிரக்கின் ஹிட்சிலேயே, அதாவது டிரெய்லரை மாட்டும் கொக்கியிலேயே, ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. கீழே குனிந்து பார்த்தால்தான் தெரியும். சாதாரணமாக உருண்டையில் மாட்டி இழுத்தால் டிரெய்லர் 5,000 பவுண்டு, முன்பாரம் 500 பவுண்டு வரைதான். அதற்கு மேல் போனால் ஸ்பிரிங் தண்டு வைத்த, எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் வேண்டும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நம் டிரெய்லர் 7,300. எல்லையை எப்போதோ தாண்டிவிட்டோம். 290-இல் என்னைத் தாண்டிப் போகும், டிராக்டர் ஏற்றிய டிரெய்லர்களைக் கவனிக்கிறேன், பத்தில் ஒன்றில்கூட இந்தத் தண்டு இருக்கிற மாதிரி தெரியவில்லை. டிரக் மூக்கு வானத்தைப் பார்த்தபடி போகிறது. பார்க்கவே எனக்குப் பதறும்.

ஊகம் வேண்டாம், எடை போட்டுவிடுங்கள். லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்று ஒரு எடைமேடை உண்டு. முன் சக்கரம் ஒரு பலகையில், பின் சக்கரம் ஒரு பலகையில், டிரெய்லர் ஒரு பலகையில் நிற்கும்படி ஓட்டி நிறுத்தினால் மூன்றையும் தனித்தனியாக அச்சடித்துச் சீட்டு தருவார்கள். என் சீட்டுகள் இன்னும் டிரக்கின் டேஷ்போர்டுப் பெட்டியில் இருக்கின்றன. வெறும் டிரக், நான் உள்ளே இருக்க: முன்னால் 3,060, பின்னால் 2,260, மொத்தம் 5,320. டிரெய்லரை மாட்டி, ஸ்பிரிங் தண்டு போடாமல்: முன்னால் 2,760, பின்னால் 3,440, டிரெய்லர் அச்சுகளில் 6,420. டிரக்கின் நான்கு சக்கரமும் சேர்த்து 6,200. அதிலிருந்து 5,320-ஐக் கழித்தால் 880. அதுதான் முன்பாரம். 7,300-க்குப் பன்னிரண்டு சதவீதம். கச்சிதம். ஆனால் முன் சக்கரத்தில் 300 பவுண்டு காணாமல் போயிருக்கிறது பாருங்கள், பிரேக் அதிகம் பிடிப்பதும் திருப்புவதும் அந்தச் சக்கரம்தான். ஸ்பிரிங் தண்டைப் பூட்டிப் போட்ட மூன்றாவது சீட்டு: முன்னால் 2,920, பின்னால் 3,180, டிரெய்லரில் 6,520. போனதில் பாதிக்கு மேல் முன் சக்கரத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. ஓட்டும்போது இந்த வித்தியாசம் கைக்கே தெரியும். பாலத்தின் மேல் குறுக்குக் காற்று அடிக்கும்போது ஸ்டீயரிங் நிலையாக நிற்கிறது.

கதவு இடுக்கில் இருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரையும் பாருங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று இருக்கும். என்னுடையதில் 1,580. முன்பாரம் 880, ஹிட்ச் நூறு, நானும் வீட்டுக்காரரும் 320. மிச்சம் 280 பவுண்டு. மூன்று குடும்பமும் ஒரே டிரக்கில் ஏறி, பின்னால் ஐஸ் பெட்டியும் அடுப்பும் வைத்துப் போவது முடியாது. ஆகவே மற்றவர்கள் தனிக் காரில் வருகிறார்கள். சொகுசு கூடக் கூட இந்த ஸ்டிக்கர் எண் குறையும்; தோல் சீட்டும் கண்ணாடிக் கூரையும் உள்ள எஃப்-150 வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் கதவைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

டிராக்டரை டிரெய்லரில் ஓர் அடி முன்னே தள்ளினால் முன்பாரம் ஏறத்தாழ 300 பவுண்டு கூடிவிடும். அதனால் எடை போட்ட அன்றைக்கே, முன் டயர் நின்ற இடத்தில் மரப்பலகையின் குறுக்கே மஞ்சள் பெயின்ட் கோடு போட்டுவிட்டேன். ஷ்ரெடர் இல்லாமல் போகும் நாளுக்கு இரண்டாவது கோடு, கொஞ்சம் பின்னால், வெள்ளையில். யார் ஏற்றினாலும் கோட்டில் நிறுத்தினால் போதும். இதற்கு ஆன செலவு ஒரு டப்பா பெயின்ட். இந்த டிரெய்லருக்கு நான் செய்த வேலைகளில் இதுதான் மிகப் பயனுள்ளது.

ஏற்றும் விதத்தில் இந்த டிரெய்லருக்கு முழு மதிப்பெண். பதினாறு அடி சமதளம், கடைசி இரண்டு அடி கீழ்நோக்கிச் சரிவு. அந்தச் சரிவால் சாய்பலகை அவ்வளவு செங்குத்தாக நிற்பதில்லை. ஷ்ரெடரின் பின்விளிம்பு தரையில் உரசுவதில்லை. சாய்பலகைகளுக்கு ஸ்பிரிங் உதவி இருக்கிறது. ஒரு கையால் தூக்கி நிறுத்துகிறேன். ஸ்பிரிங் இல்லாததை வாங்கினால் இடுப்பு போய்விடும்.

ஆனால் ஏற்றும்போது ஒன்றைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். டிராக்டரின் எடை முழுக்கச் சரிவின் மேல், அச்சுக்குப் பின்னால், இருக்கும் அந்தச் சில நொடிகளில் டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பும். டிரக்கின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கும். டிரக்கைப் பார்க்கில் போட்டிருந்தாலும் அது பிடித்திருப்பது பின் சக்கரத்தைத்தான். ஹேண்ட் பிரேக்கும் அதே பின் சக்கரத்தைத்தான். பின் சக்கரம் இலேசானால் இரண்டும் உதவாது, சரிவான இடத்தில் டிரக் நகர்ந்துவிடும். ஆகவே சமதளத்தில் நிறுத்தி, டிரக்கின் முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, டிரெய்லரின் பின் மூலைகளுக்கு அடியில் கனமான மரத்துண்டு கொடுத்த பிறகே ஏற்றுகிறோம். சில டிரெய்லர்களில் பின்னால் இறக்கி நிறுத்தும் கால்கள் உண்டு. இதில் இல்லை. இந்த விலைக்குக் கொடுத்திருக்கலாம்.

டிராக்டரைக் குறைந்த கியரில், ஃபோர் வீல் போட்டு, பக்கெட்டை ஒரு சாண் உயரத்தில் வைத்து ஏற்றுங்கள். இறக்கும்போது ஃபோர் வீல் இன்னும் முக்கியம். டிராக்டர் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான் பிடிக்கும். பின் சக்கரம் பிடிமானம் இழந்தால் நான்கு சக்கரமும் சேர்ந்திருந்தால்தான் வண்டி நிற்கும். தலைக்கு மேல் பாதுகாப்புக் கம்பியை நிமிர்த்தி, பெல்ட் போட்டுத்தான் ஏற வேண்டும். குழந்தைகள் காருக்குள் இருக்கட்டும்.

கட்டுவதற்கு 5/16 அங்குல கிரேடு 70 சங்கிலி நான்கு வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் 4,700 பவுண்டு தாங்கும். நான்கு மூலைக்கும் தனித்தனிச் சங்கிலி, அதை இறுக்கத் தனித்தனி ராட்செட் பைண்டர். முன் இரண்டும் முன்னோக்கி இழுக்கணும், பின் இரண்டும் பின்னோக்கி. டிராக்டரின் சட்டத்தில்தான் கொக்கியை மாட்ட வேண்டும், லோடர் கையிலோ ஸ்டீயரிங் தண்டிலோ மாட்டக்கூடாது. பக்கெட்டைப் பலகையில் இறக்கி அதற்கு ஒரு ஸ்ட்ராப், ஷ்ரெடருக்கு ஒரு ஸ்ட்ராப். நெம்புகோல் பைண்டர் மலிவு, ஆனால் அவிழ்க்கும்போது கம்பி எகிறி முகத்தில் அடிக்கும். ராட்செட்டே வாங்குங்கள். டிரெய்லரில் டி வடிவ வளையங்கள் நான்கு இருக்கின்றன, நல்ல தடிமனாகப் பற்றவைத்திருக்கிறார்கள். நடுவில் இன்னும் இரண்டு இருந்தால் ஷ்ரெடர் கட்ட வசதியாக இருந்திருக்கும்.

பிரேக் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டெக்சாஸில் 4,500 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லர் சாலை வேகத்தில் ஓட வேண்டுமானால் பிரேக் கட்டாயம். என் டிரக்கில் டிரெய்லர் பிரேக் கட்டுப்பாடு கம்பெனியிலிருந்தே வந்தது. ஏழு முனை பிளக்கைச் செருகியதும் திரையில் டிரெய்லர் இணைந்ததாகக் காட்டும். காலியான இடத்தில் இருபது மைல் வேகத்தில் ஓட்டி, அந்தக் கட்டுப்பாட்டின் கைப்பிடியை அழுத்தி, டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை பிரேக் அளவைக் கூட்டி, அதிலிருந்து கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். எனக்குச் சுமையோடு 6.5, காலியாக 3. புது பிரேக் முதலில் மந்தமாகத்தான் இருந்தது. ஓட ஓடப் படிந்து நன்றாகப் பிடிக்கிறது. டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் டிரக் பிரேக்கை மிதிக்காதீர்கள். அந்தக் கைப்பிடியை மட்டும் அழுத்தினால் டிரெய்லர் பின்னுக்கு இழுத்துத் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும். வீட்டில் யார் ஓட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு கை அங்கே போகும் அளவுக்குப் பழக வேண்டும்.

டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் பிடிக்கும் பெட்டியின் கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியில் மாட்டாமல் டிரக்கில் தனியாக மாட்டுங்கள். சங்கிலிகள் இரண்டும் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும், மூக்கு விழுந்தால் தரையைத் தொடாமல் அவை ஏந்திக்கொள்ளும்.

ஓட்ட அனுபவம் நல்லதாகவே இருக்கிறது. பத்து கியர் பெட்டி, சுமை இழுக்கும்போது போடும் டோ ஹால் பொத்தானை அழுத்திவிட்டால் இறக்கத்தில் தானாகக் கியர் குறைத்து வேகத்தைப் பிடிக்கிறது. கேலனுக்குப் பத்தொன்பது மைல் போகும் டிரக் பத்தில் நிற்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வேகக் குறியீடு இல்லாத டிரெய்லர் டயர்கள் 65 மைல் வேகத்துக்கு மட்டுமே உரியவை. நான் வலது ஓரத்தில் அறுபதில் போகிறேன். பின்னால் வருகிறவர்கள் அவசரப்பட்டால் தாண்டிப் போகட்டும். வாலரில் இருக்கும் பக்கீஸ் பெட்ரோல் பங்கில் டீசலும் காபியும் எடுக்க வசதி. டிரெய்லரோடு சுற்றி வர இடம் தாராளம். அங்கே நின்றே சங்கிலிகளையும் சக்கர நட்டுகளையும் கை வைத்துப் பார்த்துவிடுவேன். புது டிரெய்லர் என்றால் முதல் ஐம்பது மைலுக்குள் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். என்னுடையதில் பின் இடது விளக்கு அவ்வப்போது மங்கியது. பெயின்ட் மேலேயே எர்த் திருகைப் போட்டிருந்தார்கள்; சுரண்டி மறுபடி முறுக்கியதும் சரியானது. பலகை பைன் மரம், வெயிலில் சீக்கிரம் வெளிறுகிறது, எண்ணெய் தடவ வேண்டியிருக்கிறது. ஜாக் கைப்பிடி டிரக்கின் பின்கதவைத் திறக்கும்போது இடிக்கிறது.

இன்னொன்று, இந்த விலையில் ஸ்டெப்னி கிடையாது. வாங்கும்போதே ஒரு டி ரக டயரை ரிம்மோடு கேட்டு, அதை மாட்டும் தாங்கியையும் மூக்குப் பக்கம் போல்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு டயர், ரிம், தாங்கி எல்லாம் சேர்த்து 240 டாலர் ஆனது. எடை போடுவதற்கு முன்பே மாட்டிவிடுங்கள், அதுவும் முன்பாரத்தில்தான் சேரும்.